நிவேதாவுக்குப் போட்ட புள்ளி

நாய்ப் போட்டியின் இளையோர் தொடக்க வகுப்புக்கு நடுவர்களாக வரப்போகிறவர்களிடம் வந்து பேசுங்கள் என்று சங்கத்தில் கேட்டபோது, புள்ளி போடும் முறையை விளக்கச் சொல்லாவிட்டால் வருகிறேன் என்றேன். அந்தத் தாளை நீங்கள் ஒரு பிற்பகலில் படித்துவிடுவீர்கள். பிள்ளை நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், நாய் பிள்ளையின் இடது காலோடு ஒட்டி வர வேண்டும். திரும்பு என்றால் திரும்ப வேண்டும். நில் என்ற இடத்தில் நின்று, நடுவர் வந்து தலையையும் முதுகையும் தொட்டுப் பார்க்கும்வரை அசையாமல் இருக்க வேண்டும். கூப்பிட்டால் வர வேண்டும். கடைசியில் நாய்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான். இருநூறு புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு பிள்ளையும் சுற்றிக் கயிறு கட்டிய ரிங்குக்குள் வருகிறது. நாம் ஒவ்வொரு பிழைக்கும் கழித்துக்கொண்டே போகிறோம். கூட்டிப்போட நமக்கு அதிகாரம் கிடையாது.

நான் லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பதுளையில் கால்நடை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வாரநாட்களில் மாட்டுக்கு ஊசி, ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்களுக்குப் புள்ளி. எனக்கு இந்த வேலையைக் காட்டித்தந்தவர் எங்கள் தலைமை நடுவர். தோட்டத்துக் கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்தவர். பெயர் சொல்வதை அவர் விரும்பமாட்டார், அதனால் விடுகிறேன். முதல் நாளே என்னிடம் ஒன்றைச் சொன்னார்: "நாய பாக்காத, கயித்த பாரு. கயிறு விறைப்பா நின்னா நாய் பழகல, புள்ள இழுக்குது. கயிறு தொங்குனா ரெண்டும் ஒண்ண ஒண்ணு நம்புதுன்னு அர்த்தம்." பல வருடம் இந்த ஒரு பாடத்தை வைத்தே நான் பிழைத்தேன்.

இன்னொன்றும் அவரிடம் பார்த்தேன். ஒருமுறை ஒரு தோட்டத்துத் தொரையின் மகனுக்கு அரைப் புள்ளியில் முதலிடம் போய்விட்டது. தொரை வந்து நின்றார். அந்தக் காலத்தில் எங்களுக்கு மைதானமும் பந்தலும் அவர் தயவில்தான் கிடைத்துக்கொண்டிருந்தன. தலைமை நடுவர் எழுந்து நின்றுதான் பதில் சொன்னார், ஆனால் அரைப் புள்ளி அசையவில்லை. "தொரை மகனுக்கும் லயத்துக் கடைசி தொங்கல் காம்பரா புள்ளைக்கும் ஒரே கழிவுதான்" என்று பிறகு என்னிடம் சொன்னார். அடுத்த வருடம் பந்தல் இல்லாமல் மழையில் நனைந்தோம். அவர் அப்படிப்பட்டவர். இதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் விளங்கும்.

நான் சொல்ல வந்தது நிவேதாவின் கதை.

சாமான் விலை ஏறிய வருடங்களை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பங்களாக்களில் நாய்களுக்குச் சோறு போட முடியாமல் அவிழ்த்துவிட்டார்கள். கழுத்தில் பட்டியோடு நல்ல ஜாதி நாய்கள் தேயிலை மலைச் சரிவுகளில் அலைந்து திரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருடங்களில் போட்டி நடக்கவில்லை. மறுபடி தொடங்கினோம் என்றால் அதற்கு ஒரு மனிதர்தான் காரணம். எல்லாரும் அவரை மாஸ்டர் என்போம். ஹோட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் காவல் நாய் பழக்கிக் கொடுக்கிறவர். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பழக்கிக் காட்டுவார். அந்த வருடம் மைதானத்தில் முளை அடித்து ரிங்குக்குக் கயிறு கட்டியதும் அவர்தான். கோடு பிசகாத மனிதர். நல்ல மனிதர் என்றும் சொல்லிக்கொண்டோம். மனைவி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். மாஸ்டரும் மகள் நிவேதாவும் பதுளையில் வாடகை வீட்டில் இருந்தார்கள். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது.

நிவேதா கொண்டுவந்த நாயின் பெயர் ரெக்ஸ். கருப்பும் மண்ணிறமும் கலந்த அல்சேஷன். ஏதோ ஒரு பங்களாவில் விட்டுப்போனதை மாஸ்டர் எடுத்து வளர்த்திருந்தார்.

நிவேதாவின் முறை வந்தது. பிள்ளை நடந்தது, நாய் நடந்தது. கயிறு ஊஞ்சல்போலத் தொங்கியது. திரும்பினாள், நாயும் அதே நொடியில் திரும்பியது. வேகமாகப் போகச் சொன்னேன், மெதுவாகப் போகச் சொன்னேன். ஒன்றும் பிசகவில்லை. சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தொடக்க வகுப்பில் அப்படி ஒரு நடையை நான் அதற்குமுன் கண்டதில்லை.

ஆனால் எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. நன்றாகப் பழகிய நாய் தன்னைப் பிடித்திருக்கிற பிள்ளையின் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வரும். ரெக்ஸ் ஒருமுறைகூட நிவேதாவைப் பார்க்கவில்லை. ரிங்கின் எந்த மூலைக்குப் போனாலும் அதன் கண் ஒரே இடத்துக்குப் போய்வந்தது. அங்கே கயிற்றுக்கு வெளியே கைகட்டிக்கொண்டு மாஸ்டர் நின்றார். வெளியிலிருந்து சைகை காட்டினால் அந்தப் பிள்ளையை விலக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அவர் விரலைக்கூட அசைக்கவில்லை. வெறுமனே நின்றதற்கு என்ன புள்ளியைக் கழிப்பது?

அடுத்தது, நாயை நிறுத்தி நான் தொட்டுப் பார்க்கும் கட்டம். நிவேதா ரெக்ஸை நிற்கவைத்துவிட்டுக் கயிற்றின் நீளத்துக்குத் தள்ளிப்போய் நின்றாள். நான் கிட்டே போய் நாயின் தலைக்கு நேராகக் கையை உயர்த்தினேன்.

நாய் அசையவில்லை. பிள்ளைதான் அசைந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தோளைக் காதுவரை தூக்கி, தலையைச் சாய்த்துக்கொண்டது. என் கை அவள் பக்கம் போகவே இல்லை. நாயின் பக்கம்தான் போனது.

நான் ரெக்ஸின் தலையைத் தொட்டேன். கழுத்துப் பட்டிக்குக் கீழே விரல் போனபோது ரோமம் பிசுபிசுத்தது. பட்டியைக் கொஞ்சம் தள்ளினேன். சுற்றிவர முள்வைத்த பட்டி குத்திய புண். சில காய்ந்தவை, சில அன்றைக்கோ நேற்றைக்கோ வந்தவை. விலாவைத் தடவியபோது ஒரு எலும்பு உடைந்து கோணலாகப் பொருந்தியிருந்தது தெரிந்தது. அவ்வளவு தொட்டும் நாய் முனகவில்லை.

மாஸ்டருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டேன். "என்னம்மா இது கழுத்துல?"

அவள் வேறொன்று சொன்னாள்.

"மார்க் கொறைக்காதீங்க மிஸ். அப்பா எண்ணிக்கிட்டு இருக்காரு."

"எண்ணுனா என்னாம்மா?"

"எத்தன மார்க் போவுதோ அத்தன."

முதலில் எனக்கு விளங்கவில்லை. அத்தனை அடி என்று விளங்கியபோது, "யாருக்கு? ரெக்ஸுக்கா?" என்று கேட்டேன்.

"மொதல்ல ரெக்ஸுக்கு" என்றாள். "பொறவு எனக்கு."

இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. பாடசாலையில் எந்த மணிக்கு எந்தப் பாடம் என்று நேரசூசி கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

நீங்கள் ஒருநாள் அந்த இடத்தில் நிற்பீர்கள் என்று நான் சொல்லவில்லை. நிற்காமல் இருக்கட்டும். ஆனால் நின்றால், யோசிக்க உங்களுக்குக் கிடைப்பது நாயின் முதுகை ஒருமுறை தடவும் நேரம் மட்டும்தான். நான் யோசித்தது இதுதான். புண்ணைக் காட்டி நாயை விலக்கினால் இருநூறும் போய்விடும். அந்தக் கணக்கை மாஸ்டர் வீட்டில் தீர்ப்பார். ஒன்றும் காணாததுபோல முதலிடம் கொடுத்தால், அவர் நாய் பழக்கும் விதத்துக்கு நானே கிண்ணம் கொடுத்ததாக ஆகும். இன்னும் பத்துப் பிள்ளைகளின் அப்பன்மார் அவரிடம் போய் எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்பார்கள். எதைச் செய்தாலும் சாயங்காலம் அந்தப் பிள்ளை மாஸ்டரின் வேனில் ஏறி அந்த வீட்டுக்குத்தான் போகும்.

"நல்லா செஞ்ச. மீதியையும் செய்வோம்" என்று சொல்லிவிட்டுத் தள்ளி வந்தேன். மீதியையும் அவள் செய்தாள். கூப்பிட்டவுடன் வருவதில் மட்டும் ரெக்ஸ் கொஞ்சம் கோணலாக வந்து உட்கார்ந்தது. நான் எழுதியபடி மூன்று புள்ளி போயிருந்தது.

எல்லாப் பிள்ளைகளின் முறையும் முடிந்ததும் நாய்களை வரிசையாக உட்காரவைத்தோம். அந்த இடைவெளியில் தலைமை நடுவரின் மேசைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. ஆனால் சொன்னது இது:

"நீ மார்க்க மட்டும் போடும்மா. மத்தத கூட்டம் கலஞ்சி பேசுவோம்."

"கூட்டம் கலஞ்சா புள்ள அவரோட போயிரும் ஐயா."

"மாஸ்டர் இல்லாட்டி இந்த போட்டியே இல்ல. நாளைக்கு அவர கூப்பிட்டு நான் கண்டிக்கிறேன். நம்ம வேலை நாய்க்கு மார்க் போடுறது. ஊட்டுக்குள்ள போறது நம்ம வேலை இல்ல."

கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை. வரைமுறைக்குள் வாழ்ந்த மனிதர், அதற்கு வெளியே என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் அவரோடு வாதாடவில்லை. நேரம் இல்லை.

எங்கள் போட்டிக்கு வந்திருந்த மிருக வைத்தியர் யாழ்ப்பாணத்துப் பெண், பதுளைக்கு வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான். அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "நான் பொலிஸிலை மகளிர், சிறுவர் பிரிவுக்கு போன் அடிக்கிறன் அக்கா. ஆனா ஞாயிற்றுக்கிழமை. வர நேரமெடுக்கும். அவையள் வரும்வரைக்கும் பிள்ளையை விடாதேங்கோ" என்றார்.

விடாமல் எப்படி வைத்திருப்பது? வகுப்பு முடிந்ததாக நான் அறிவித்ததும் ரிங் திறந்துவிடும். ஆனால் வகுப்பு முடியும்வரை, நடுவர் சொல்லாமல் ஒருவரும் அந்தக் கயிற்றைத் தாண்டக்கூடாது. பெற்றோரும் கூடாது. அந்த விதியை மற்ற எல்லாரையும்விட மதிக்கிறவர் மாஸ்டர்தான். அந்தக் கயிற்றை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டியவரே அவர்.

அப்போதுதான் ஒரு வழி தெரிந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே புள்ளி வந்தால், அவர்கள் இருவரையும் மட்டும் ரிங்கில் வைத்து மறுபடி நடக்கச் சொல்லித்தான் முதலிடத்தைத் தீர்மானிக்க வேண்டும். ஹாலிஎலவிலிருந்து சந்துன் என்று ஒரு சிங்களப் பையன் ஜூலி என்கிற நாட்டு நாயோடு வந்திருந்தான். இரண்டாவதாக வந்தது அவன்தான். நிவேதாவுக்கு வெகுதூரம் கீழே. ஜூலி நடுவில் ஒரு காகத்தைத் துரத்தப் பார்த்திருந்தது. நான் நிவேதாவின் தாளில் இல்லாத பிழைகளை எழுதினேன். அவள் புள்ளி சந்துனின் புள்ளிக்குச் சமமாக வரும்வரை எழுதினேன். அத்தனை வருடத்தில் கால் புள்ளியைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு போடாதவள் நான்.

தாள்கள் தலைமை நடுவரின் கைக்குப் போயின. அவரும் நிவேதா நடந்ததை முழுக்கப் பார்த்தவர். தாளைப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது சமன் இல்லியே" என்றார்.

"ஆமாங்க ஐயா. சமன் இல்ல."

அவர் தாளை மறுபடி பார்த்தார். கயிற்றுக்கு அப்பால் நிற்கும் மாஸ்டரைப் பார்த்தார். எதிர்ப்பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். தொரைக்கு அரைப் புள்ளி விட்டுக்கொடுக்காத மனிதர், மைக்கை எடுத்து, இரண்டு போட்டியாளர்கள் சமப்புள்ளி பெற்றிருப்பதால் மறுபடி நடக்கவைத்துத் தீர்மானிக்கப்படும் என்று தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தார். பிறகு உட்கார்ந்துகொண்டார்.

மற்றப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு இருவரையும் உள்ளே வைத்துக்கொண்டேன். மாஸ்டர் கயிற்றோரம் வந்தார்.

"மிஸ், என்னா இது? என் புள்ள எங்க மார்க் விட்டுச்சி? நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். மூணுக்கு மேல போவல."

அவர் எண்ணிக்கை சரியாகவே இருந்தது.

"வகுப்பு முடியல மாஸ்டர். முடிஞ்ச பொறவு கேளுங்க, சொல்றேன்."

"நான் தாள பாக்கணும்."

"பாக்கலாம். ரிங்குக்குள்ள வராதீங்க."

அவர் கை கயிற்றின்மேல் இருந்தது. நிவேதா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு அடி பின்னால் போனார்.

மறுநடைக்கு முன் நாய்களைப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லி மிருக டொக்டரை உள்ளே கூப்பிட்டேன். அவர் ஜூலியை ஒப்புக்குப் பார்த்துவிட்டு ரெக்ஸிடம் நீண்டநேரம் இருந்தார். அதற்குள் மலைக்குப் பின்னாலிருந்து மழை இறங்கியது. பார்க்க வந்தவர்கள் குடையை விரித்தார்கள், சிலர் கிளம்பினார்கள். நான் சந்துனை நடக்கவைத்தேன். நிவேதாவை நடக்கவைத்தேன். மறுபடி சந்துனை. நனைந்த நாய்களும் நனைந்த பிள்ளைகளும். சந்துனின் அம்மா ஒருமுறை கைகாட்டி என்ன என்று கேட்டார். நான் தலையை அசைத்தேன். என்ன விளங்கியதோ, குடையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

காத்திருந்த நேரத்தில் சந்துன் சட்டைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து ஜூலிக்குப் பாதி கொடுத்தான். மறுபாதியை ரெக்ஸிடம் நீட்டினான். ரிங்குக்குள் தீன் கொடுப்பது குற்றம். நான் காணாததுபோல் இருந்தேன். ரெக்ஸ் பிஸ்கட்டை முகர்ந்தது, மாஸ்டரைப் பார்த்தது, வாயை மூடிக்கொண்டது. சந்துன் அதன் காலடியில் வைத்தான். மழையில் அது கரைந்துபோனது.

ஜீப் வந்தது. சீருடையில் ஒரு பெண் உத்தியோகத்தர் இறங்கி, நேராக என்னிடம் வந்து, உள்ளே வரலாமா என்று கேட்டார். அவர் அனுமதி கேட்டதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். டொக்டர் நாயின் கழுத்தைக் காட்டினார். உத்தியோகத்தர் நிவேதாவின் அருகில் குந்தி, மகளே என்பதை மட்டும் சிங்களத்தில் சொல்லி, தமிழில் கேட்டார். "நாயிக்கு யார் அடிச்சது, துவ?"

மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலிக் கம்பி கிழிச்சிருச்சி" என்றாள் நிவேதா.

"உங்களுக்கு யாராவது அடிக்கிறதா?"

"இல்ல. அப்பா அடிக்க மாட்டாரு."

என்னிடம் அவ்வளவும் சொன்ன அதே குரலில்தான் இதையும் சொன்னாள். உத்தியோகத்தர் மேலும் கேட்கவில்லை, கோபப்படவும் இல்லை. எழுந்து மாஸ்டரிடம் போய், நாய்க்குப் புண் இருப்பதால் அதைப் பிடித்திருந்த பிள்ளைக்குத் தொற்று இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டியிருக்கிறது, டொக்டர் எழுதிவிட்டார் என்றார். மாஸ்டர் நானும் வருகிறேன் என்றார். பின்னால் வாருங்கள், ஜீப்பில் இடமில்லை என்றார் அவர். ஜீப்பில் இடம் இருந்தது.

நிவேதா ஜீப்புக்கு நடந்தாள். ரெக்ஸின் கயிறு இன்னும் அவள் கையில். மாஸ்டர் வந்து அதை வாங்கிக்கொண்டார்.

நான் உத்தியோகத்தரிடம் நாயையும் கொண்டுபோக முடியாதா என்று கேட்டேன். நான் பிள்ளைக்காக வந்தேன், நாய்க்கு வேறு முறைப்பாடு வேண்டும் என்றார். அவர்மேல் பிழை சொல்ல மாட்டேன். டொக்டர் மாஸ்டரிடம், புண்ணுக்கு மருந்து போட வேண்டும், நாயை இரண்டு நாள் என்னிடம் விடுங்கள் என்று கேட்டார். "என் நாய எனக்கு பாக்க தெரியும்" என்று அவர் வேன் கதவைத் திறந்தார்.

அந்த இடத்தில் நான் கத்தியிருக்கலாம். கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கலாம். கூட்டம் கூடியிருக்கும். ஜீப்பில் ஏறிய பிள்ளை சத்தம் கேட்டு இறங்கியிருக்கும். இறங்கினால் அவளை மறுபடி ஏற்றியிருக்க முடியாது, அவள்தான் அப்பா அடிக்கமாட்டார் என்று சொல்லிவிட்டாளே. நான் ஜீப்பின் கதவை மூடிவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டேன், வேன் போகும்வரை. ஆனால் ஜீப்புக்கு ஜன்னல் இருந்தது. அவள் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் நிவேதாவின் முதுகிலும் தொடையிலும் இருந்ததைப் பார்த்த டொக்டர்மார் அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. அதற்குப் பிறகு அவள் வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நீதிமன்றம் அவளை ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் பெரியம்மாவிடம் ஒப்படைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது.

திங்கட்கிழமை காலையில் மிருக டொக்டரும் நானும் நாய்க்காக முறைப்பாடு கொடுத்தோம். பொலிஸ் ஆட்களோடு மாஸ்டர் வீட்டுக்குப் போனபோது கொட்டில் கழுவிவிடப்பட்டிருந்தது. "பாம்பு கடிச்சிருச்சி" என்றார். புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னோம். "பொதைக்கல. ஓயாவுல விட்டுட்டேன்" என்றார். முந்தின இரவு முழுக்க மழை. ஓயா ஆறு மண்ணிறமாகக் கரையை முட்டிப் போய்க்கொண்டிருந்தது.

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். நான் பொய்ப்புள்ளி போட்டேன் என்பதுதான் விஷயம். பிள்ளையைக் காப்பாற்றியது சரிதான், ஆனால் நடுவர் தாளில் பொய் எழுதினால் நாளைக்கு யார் நம்புவார்கள் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தலைமை நடுவர் எழுந்தார். "அந்த மார்க் பொய்யின்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சிதான் மைக்குல சொன்னேன். அன்னைக்கி அவ மொதல்ல எங்கிட்ட வந்தா. நான் நாளைக்கி பாப்போம்னு சொன்னேன். அதையும் எழுதிக்கோங்க" என்றார். இருவரையும் நடுவர் குழுவிலிருந்து நிறுத்தினார்கள். அவர் அதற்குப் பிறகு மைதானப் பக்கம் வரவில்லை.

இப்போது விதியில் சிலதை மாற்றியிருக்கிறார்கள். வகுப்புக்கு முன்பே மிருக வைத்தியர் ஒவ்வொரு நாயையும் பட்டியைக் கழற்றிப் பார்க்கிறார். அந்த நேரத்தில் பெற்றோர் பக்கத்தில் நிற்கக்கூடாது. புண் இருந்தால் நாயை அன்றைக்கு வைத்தியரிடமே விட்டுப்போக வேண்டும், அதற்குச் சம்மதிக்காதவர்களுக்குப் போட்டியில் இடமில்லை. இதெல்லாம் நல்லது. ஆனால் விதி எழுதுகிறவர்கள் எப்போதும் போன தடவை நடந்ததைத்தான் எழுதுவார்கள். அடுத்த தடவை வருவது வேறு மாதிரி வரும். அப்போது உங்களிடம் தாள் இருக்கும், பென்சில் இருக்கும், ரிங்கை மூடிவைத்திருக்கும் அதிகாரம் இருக்கும். அதை வைத்து என்ன செய்ய முடியும் என்று அந்த நொடியில் நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். முழுக்கச் சரியாக ஒன்றும் வராது. எனக்கு வரவில்லை.

நிவேதாவைப் பார்க்க அனுமதி கிடைத்த பிறகு ஒருநாள் ஹாலிஎலவுக்குப் போனேன். பஸ்ஸை விட்டிறங்கி லயத்துக்கு ஏறும்போது நிவேதா படிக்கட்டில் உட்கார்ந்து பாடசாலைச் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு அப்போதுதான் வந்திருந்தார். "வாங்க மிஸ், உக்காருங்க" என்று உள்ளே தேத்தண்ணி போடப் போனார்.

ரெக்ஸைப் பற்றி அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. நான்தான் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்து வந்திருந்தேன். சொன்னேன். பாம்பு என்று மாஸ்டர் சொன்னதை நான் திருப்பிச் சொல்லவில்லை. ரெக்ஸ் செத்துப்போச்சும்மா, அன்னைக்கி ராத்திரியே, என்று மட்டும் சொன்னேன்.

அவள் சப்பாத்தைத் துடைப்பதை நிறுத்தவில்லை. அடுத்த சப்பாத்தை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த பொலிஸ் மிஸ் கேட்டப்ப நான் ஆமான்னு சொல்லி இருந்தா, ரெக்ஸையும் ஏத்தியிருப்பாங்களா?"

அதற்கு உண்மையான பதில் எது என்று எனக்குத் தெரியாது. ஏற்றியிருக்கலாம். ஏற்றாமலும் விட்டிருக்கலாம். ஆனால் யோசித்தால், யோசிப்பதை அவள் பார்த்துவிடுவாள். ஒரு பெரியவரின் முகத்தைப் படிப்பதில் அவளுக்கு இருந்த பழக்கம் எந்த நாயிடமும் நான் கண்டதில்லை. உடனே சொன்னேன்.

"இல்லம்மா. ஏத்தியிருக்க மாட்டாங்க. நீ என்னா சொல்லியிருந்தாலும் ஏத்தியிருக்க மாட்டாங்க."

"நெசமாவா மிஸ்?"

"நெசமா."

அவள் சப்பாத்தை ஜோடியாகப் படியில் வைத்தாள். துணியை மடித்து அதன்மேல் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.